துண்டும் பிணையும்: மலையகத்தில் விடுதலைக்குக் கேட்கப்பட்ட கடதாசிகள்

நீதிமன்றச் செய்தி சேகரிக்கச் சென்ற காலத்தில் மலையகத்து நீதிமன்றம் ஒன்றின் வெளிமுற்றத்தில் கண்ட காட்சியொன்று இன்றும் என் நினைவிலிருந்து அகலவில்லை. தோட்டத்து இளைஞர் ஒருவருக்கு அன்று முற்பகலிலேயே பிணை வழங்கப்பட்டிருந்தது. இரண்டு சரீரப் பிணைகள் வேண்டும் என்பது கட்டளை. இளைஞரின் தாயாரும் தாய்மாமனும் வந்திருந்தனர். மாமன் அதே தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேர் பதிந்து வேலை செய்பவர். ஆனால் அவரிடம் காணி உறுதி இல்லை. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் கையில் இல்லை. எனவே அவர் பிணையாளராக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பிற்பகல் மூன்று மணியளவில் எதிரேயிருந்த தேநீர்க் கடையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். "ஆளும் இருக்கு, கடதாசியும் இருக்கு அம்மா, காசை மட்டும் பாருங்க" என்றார். அந்தத் தாய் சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டுக் காதிலிருந்த தோட்டைக் கழற்றினார்.

மாலையில் மகன் வெளியே வந்தார். நான் பத்திரிகைக்கு எழுதிய செய்தி இரண்டே வரிகள். சந்தேகநபர் இரு சரீரப் பிணைகளில் விடுவிக்கப்பட்டார் என்பதே அதன் சாரம். தோட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. அன்று எழுதாமல் விட்டதை இன்று அதன் வரலாற்றுப் பின்னணியோடு எழுத முனைகிறேன்.

பிணை மோசடி என்பது நமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கூலிக்குப் பிணை நிற்போரும், அவர்களுக்கெனச் சான்றிதழும் முத்திரையும் தயாரிப்போரும், இரு சாராரையும் இணைத்துவைக்கும் தரகர்களும் நீதிமன்றங்கள் உள்ள நகரங்கள் பலவற்றில் காலங்காலமாக இயங்கி வந்திருக்கின்றனர். ஒருவரே வெவ்வேறு வழக்குகளில் வெவ்வேறு பெயர்களில் பிணை நிற்பதுண்டு. சந்தேகநபர் தலைமறைவானால் பிணையாளரைத் தேடிச் செல்லும் பொலிஸார், முறியில் எழுதப்பட்ட முகவரியில் அப்படி ஒருவர் வாழ்ந்ததே இல்லை என்பதைக் கண்டு திரும்புவர். பாதிக்கப்பட்ட தரப்பு நீதிக்காகக் காத்திருக்க, வழக்கு ஆண்டுக்கணக்கில் தவணையிடப்படும். இது நீதி பரிபாலனத்தின் மீது நடத்தப்படும் மோசடி என்பதில் ஐயமில்லை. இத்தகைய செய்தி வெளிவரும்போதெல்லாம் கடுமையான சட்டம் வேண்டும் என்ற குரல் எழுவதும் இயல்பே.

சட்டம் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எத்தகைய சட்டம் என்பதே கேள்வி. பொய்க் கடதாசி விற்பவனைத் தண்டிக்கும் சட்டம், மெய்க் கடதாசி பெற வழியில்லாதவனைப் பற்றி மௌனம் சாதிக்குமானால் என்ன நேரும் என்பதை மலையகத்தின் வரலாறே ஒருமுறை காட்டியிருக்கிறது. அந்த வரலாற்றின் பெயர் 'துண்டு'.

தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்தவர் கங்காணி. பயணச் செலவு, சாப்பாட்டுச் செலவு, ஊரில் கொடுத்த முன்பணம் யாவும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. தோட்டம் கங்காணிக்கு முன்பணம் கொடுத்தது; கங்காணி தொழிலாளிக்குக் கடன் கொடுத்தார். ஒரு கங்காணியும் அவரது ஆட்களும் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால் தோட்டத்துரையிடம் ஒரு சீட்டுப் பெறவேண்டும். இன்ன தொகை செலுத்தப்பட்டால் இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். அதுவே துண்டு. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். தொகையோ மறைவதில்லை, புதிய தோட்டத்தின் கணக்கில் மீண்டும் அதே மக்களின் தலையில் கடனாக ஏறும்.

துண்டு இல்லாமல் புறப்பட்டால் என்ன? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டகல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இன்று சிவில் நீதிமன்றத்தில் தீர்க்கப்படவேண்டிய ஒப்பந்த மீறல், அன்று தொழிலாளியைச் சிறைக்கூடத்துக்கு அனுப்பியது. ஒரு மனிதனின் நடமாட்டம், அவன் கையெழுத்திடாத, பெரும்பாலும் வாசிக்கவும் தெரியாத ஒரு கடதாசியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடதாசிக்கு விலை ஏற்பட்டால் அதற்குச் சந்தையும் ஏற்படும். சில கங்காணிகள் ஆட்களை நகர்த்தும் எண்ணமே இல்லாமல் துண்டைப் பெற்று, அதைக் காட்டித் தோட்டம் தோட்டமாக முன்பணம் பேரம் பேசினர். கடன் தொகைகள் ஊதிப் பெருத்தன. ஆள் பற்றாக்குறையால் தவித்த துரைமார் ஒருவர் ஆளை மற்றவர் இழுக்கும் போட்டியில் இறங்கி, அந்தச் சந்தைக்குத் தாமே எண்ணெய் ஊற்றினர். முறைகேடுகள் குறித்துத் தோட்ட உரிமையாளர்களே கூட்டங்களில் முறையிட்டனர். தமக்குள் ஒப்பந்தங்கள் செய்து பார்த்தனர். 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவி ஆட்சேர்ப்பை ஒழுங்குபடுத்த முயன்றனர். 1908இல் அரசாங்க ஆணைக்குழு ஒன்று இவ்விடயத்தை ஆராய்ந்தது. 1909இல் புதிய தொழிலாளர் சட்டம் வந்தது. ஆயினும் துண்டு தொடர்ந்தது, மோசடியும் தொடர்ந்தது.

சென்னை அரசாங்கத்தின் சார்பில் இந்நாட்டுத் தோட்டங்களை ஆராய்ந்த மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகியோரின் 1917ஆம் ஆண்டு அறிக்கை துண்டு முறையைக் கண்டித்தது. இலங்கையில் சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரி சங்கத்தை அமைத்து, தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் சட்டங்களுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். இறுதியில் 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துண்டு மோசடியை அடக்குவதற்கான கட்டுப்பாடுகள் பல ஆண்டுகளாக இருந்தும் மோசடி அடங்கவில்லை. துண்டு என்ற கடதாசியின் தேவையே அகற்றப்பட்டபோதுதான் கள்ளத்துண்டும் அகன்றது. கங்காணியின் பிடியும் கடனும் அத்துடன் மறைந்துவிடவில்லை என்பதும் உண்மை. பத்திரிகையாளராகத் தொடங்கித் தொழிற்சங்கத் தலைவராக உயர்ந்த கோ. நடேசய்யர், 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த பின்னரும் அந்தப் பிடிக்கு எதிராகப் போராடவேண்டியிருந்தது. ஆனால் ஆளை விடுவிக்கும் சீட்டை விற்று வாங்கும் சந்தை மூடப்பட்டது.

துண்டு போயிற்று; கடதாசியின் ஆட்சி போகவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பிக்கும் வழியொன்றைத் திறந்தபோதிலும், அவ்வழி முழுவதும் ஆவணங்களால் அடைக்கப்பட்டிருந்தது. பிறப்புப் பதிவு, தொடர்ந்து வசித்ததற்கான சான்று, திருமணப் பதிவு ஆகியவற்றை லயத்தில் பிறந்து லயத்தில் மணம் முடித்தவர்கள் எங்கே தேடுவது? 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியை எண்களாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். அவர்களை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களையும் கடந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துடன்தான் நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டரீதியான முடிவு வந்தது. ஒரு சமூகம் தன் நாட்டைக் காகிதத்தில் திரும்பப் பெறுவதற்கு 55 ஆண்டுகள் சென்றன.

இதற்கும் பிணைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். பிணை நிற்க வருபவரிடம் முதலில் கேட்கப்படுவது தேசிய அடையாள அட்டை. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டம் இந்நாட்டுப் பிரஜைகளுக்கே உரியது. நாடற்றவருக்கு அந்த அட்டை இல்லை. ஆகவே தந்தை தன் மகனுக்கும் அண்ணன் தன் தம்பிக்கும் பிணை நிற்க முடியாத நிலை இம்மண்ணில் பல ஆண்டுகள் நிலவியது. கிராமத்தவருக்கு விதானையும், 1963க்குப் பின்னர் கிராம சேவகரும் இருந்தனர். தோட்டத்தில் அந்த இடத்தில் இருந்தவர் துரை. அவரது கடிதமே தோட்டத்தவரின் முகவரி. அவரது மனக்கசப்பே அவர்களின் முகவரியின்மை. வழக்கே துரைக்கும் தொழிலாளருக்கும் இடையிலான தகராறு என்றால் அக்கடிதத்தை யாரிடம் கேட்பது?

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் இந்நாட்டின் குற்றவியல் நீதியில் ஒரு திருப்பம். பிணை வழங்குவதே விதி, மறுப்பதே விதிவிலக்கு என்று அது தெளிவாகப் பிரகடனம் செய்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான குற்றங்களை அது தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது என்பது தனியே பேசவேண்டிய துயரம். ஏனைய வழக்குகளில் சந்தேகநபரின் வாக்குறுதியை மட்டும் பெற்று விடுவிப்பது முதல், சொந்த முறி, பிணையாளர் முறி, காசு வைப்பு என ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகளை அது வகுத்திருக்கிறது. அதாவது, சொத்துள்ள பிணையாளர் என்பது பல வழிகளில் ஒன்றேயன்றி ஒரே வழியன்று. நடைமுறையோ வேறு. நீதிமன்றச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்போர், 'தலா இத்தனை இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணைகள்' என்ற வாசகத்தை மனப்பாடமாகவே அறிவர்.

சரீரப் பிணையில் கையில் காசு கட்டவேண்டியதில்லை. சந்தேகநபர் வராவிட்டால்தான் பிணையாளர் அத்தொகைக்குப் பொறுப்பாவார். ஆனால் அப்பொறுப்பைத் தாங்கும் வலு அவருக்கு உண்டென்று காட்ட ஆவணம் கேட்கப்படுகிறது. நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2021இல் நிர்ணயிக்கப்பட்டதையே மாபெரும் வெற்றியாகக் கொண்டாடிய மக்கள் இவர்கள். ஓர் இலட்சம் ரூபா என்பது அக்கணக்கில் 100 நாள் உழைப்பு. வசிக்கும் லயம் அவர்களுடையதன்று. 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தங்களின் மூலம் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. கை மாறிய எந்தக் கட்டத்திலும் லயத்து அறையின் உறுதி அதில் வாழ்ந்தவரின் கைக்கு வரவில்லை. அண்மைக் காலத்தில் வீடமைப்புத் திட்டங்களின் கீழ் ஏழு பேர்ச் காணியும் உறுதியும் பெற்ற குடும்பங்கள் உண்டு; ஆனால் அவை இன்னும் சிறுபான்மையே.

சான்றிதழ் பெறுவதும் எளிதன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 7,11,644. இத்தனை பேருக்கும் அன்று இருந்தவை ஐந்தே ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள். பொகவந்தலாவையின் மேல் தோட்டங்களிலிருந்தோ மஸ்கெலியாவின் ஒதுக்குப்புறத்திலிருந்தோ ஒரு கையொப்பத்துக்காக வருபவர் ஒருநாள் சம்பளத்தை இழக்கிறார். அதிகாரி அன்று இல்லாவிட்டால் இரண்டு நாள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்க்க ஓர் ஆளும் வேண்டும். பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணம் செலவிடுவதைத் தடுத்துவந்த சட்ட ஏற்பாடுகூட 2018இல்தான் திருத்தப்பட்டது. அரசு இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்த இடத்தில் தரகர் முன்னதாகவே வந்து அமர்ந்துவிட்டார் என்றால் அதில் வியப்பென்ன?

இந்நாட்டுச் சிறைகளில் தண்டனை பெற்றவர்களைவிட விளக்கமறியல் கைதிகளே அதிகம் என்பது அண்மைய ஆண்டுகளில் அனைவரும் அறிந்த செய்தி. பிணை மறுக்கப்பட்டவர்களோடு, பிணை கிடைத்தும் பிணையாளர் கிடைக்காதவர்களும் அவர்களிடையே உள்ளனர். நீதவான் 'போகலாம்' என்று சொன்ன பின்னரும் போக முடியாமல் இருப்பவரை எந்தச் சட்டம் அடைத்து வைத்திருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. வறுமையே அடைத்து வைத்திருக்கிறது.

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு கையாண்டன? இங்கிலாந்தின் 1976ஆம் ஆண்டுப் பிணைச் சட்டத்தில் நமக்குப் பயனுள்ள இரண்டு ஏற்பாடுகள் அருகருகே உள்ளன. 9ஆம் பிரிவு, பிணையாளருக்கு நட்டம் ஏற்பட்டால் ஈடுசெய்வதாக உடன்படிக்கை செய்வதையே குற்றமாக்குகிறது. கூலிக்குப் பிணை நிற்கும் தொழிலின் வேரில் விழும் வெட்டு இது. அதற்கு முந்திய 8ஆம் பிரிவோ, பிணையாளரின் தகுதியை நிர்ணயிக்கையில் அவரது பணவசதியை மட்டுமன்றி, நடத்தையையும், சந்தேகநபருடன் அவருக்குள்ள உறவு, வசிப்பிட நெருக்கம் ஆகியவற்றையும் கவனிக்கலாம் என்கிறது. இந்த அளவுகோலின்படி, நான் முற்றத்தில் கண்ட மாமன் தகுதியான பிணையாளர். தேநீர்க் கடையிலிருந்து வந்தவர் கொண்டுவந்த ஆள் தகுதியற்றவர்.

இந்தியா 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 441ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அது 2006இல் நடைமுறைக்கு வந்தது. பிணை நிற்பவர் தாம் இதுவரை எத்தனை பேருக்குப் பிணை நின்றுள்ளார் என்பதை விவரங்களுடன் அறிவிக்கவேண்டும் என்பதே அதன் சாரம். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் மோசடியைத் தடுக்கும் விதி ஏழையின் கழுத்தை நெரிக்கும் கயிறாகவும் மாறலாம் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறது. 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில் 10,000 ரூபா பிணை கேட்கப்பட்டது. பிணை நிற்க வந்த சகோதரரும் அவரது சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகக் கூறி அவர் நிராகரிக்கப்பட்டார். நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாவுக்கான சொந்த முறியில் அவரை விடுவிக்கப் பணித்தார். 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம், பிணை கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணைமுறி சமர்ப்பிக்கப்படாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று வழிகாட்டியது. பல வழக்குகளில் சிக்கிய ஒருவர் வழக்குக்கு வழக்கு புதிய பிணையாளரைத் தேட இயலாமல் தவித்தபோது, ஒரே பிணையாளர்களை எல்லா வழக்குகளுக்கும் ஏற்குமாறு 2024இல் பணித்தது. சாதாரண மனிதனுக்குப் பிணை நிற்க வருவோர் நெருங்கிய உறவினரும் நெடுநாள் நண்பருமேயன்றி வேறு யார் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

இனி நமது நாட்டில் பிணை மோசடிக்கு எதிராகச் சட்டம் இயற்றப்படுமானால் அது என்ன சொல்லவேண்டும்? போலி ஆவணம் தயாரிப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி ஏற்கெனவே குற்றம். அதற்குத் தண்டனையைக் கூட்டுவது மட்டும் போதாது. பணத்துக்குப் பிணை நிற்பதும், அதற்கு ஏற்பாடு செய்வதும் தனிக் குற்றமாகவேண்டும். தண்டனை முதலில் விழவேண்டியது தரகர் மீதே. தோட்டைக் கழற்றிய தாய் மீதன்று. எல்லா நீதிமன்றங்களையும் இணைக்கும் பிணையாளர் பதிவேடு வேண்டும்.

இவை கதவின் ஒரு பாதி. மறுபாதியும் அதே சட்டத்தில் இருக்கவேண்டும். காணி உறுதியும் வருமானச் சான்றும் இல்லாதவிடத்து, உறவு, நிரந்தர வசிப்பிடம், தோட்டத்தில் பதிவு செய்யப்பட்ட சேவைக்காலம், ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர் ஆகியவை பிணையாளரின் தகுதிக்குப் போதுமான சான்றாகக் கொள்ளப்படவேண்டும். மூன்று, நான்கு தலைமுறையாக ஒரே தோட்டத்தில் வாழும் குடும்பத்தைவிட ஓரிடத்தில் வேரூன்றியவர் யார்? தோட்ட நிர்வாகத்தின் கடிதம் பிணைக்கு முன்நிபந்தனையாதல் ஆகாது. பிணை வழங்கப்பட்டு ஒரு வாரத்துக்குள் ஒருவர் வெளியே வரவில்லையாயின், சிறை அதிகாரிகள் அதனை நீதவானுக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் அறிவிக்கவேண்டும். நிபந்தனை மீண்டும் ஆராயப்படவேண்டும்.

நீதவான்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. போலிச் சான்றிதழால் ஒருமுறை ஏமாற்றப்பட்டவர் அடுத்த முறை கூடுதலான ஆவணம் கேட்பது மனித இயல்பு. ஆனால் ஆவணம் ஒன்று கூடும்போது தரகரின் விலையும் ஒரு படி கூடுகிறது. அவரிடம் எல்லாக் கடதாசியும் எப்போதும் இருக்கும். இல்லாதவர் மாமன்தான். முதற்பாதியை மட்டும் சட்டமாக்கினால் முற்றத்தில் நிற்கும் தரகர் அகலமாட்டார். தோட்டுடன் தாலிக்கொடியையும் கேட்பார்.

1921க்கு முன்னர் இம்மலைகளில் ஒருவர் ஒரு தோட்டத்திலிருந்து புறப்பட மற்றொருவர் பணம் கட்டித் துண்டு வாங்கவேண்டியிருந்தது. அதை மீட்ட பின்னரும் அவர் கடன்காரராகவே நடந்தார். அன்று மாலை தாயுடன் பஸ் நிலையத்தை நோக்கி நடந்த அந்த இளைஞரும் கடன்காரராகவே நடந்தார். துண்டை ஒழித்தவர்கள் கள்ளத்துண்டை மட்டும் பார்த்திருந்தால் அது இன்னும் பல காலம் வாழ்ந்திருக்கும். பிணை மோசடிக்கு எதிராகச் சட்டம் எழுத அமர்வோர் அந்தப் பழைய சீட்டை ஒருமுறை நினைவில் கொள்வார்களாக.